வலிக்காத கால்: மட்டக்களப்பு வாவிக்கரையில் நீரிழிவும் பாதமும் மூட்டும்

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்த பெரியம்மா, கிணற்றடியில் கால் கழுவப் போன இடத்தில்தான் குனிந்து பார்த்தார். இடக்காலில் செருப்பு இருந்தது. வலக்காலில் இல்லை. "மனே, என்ட மத்தச் செருப்பு எங்க?" என்று என்னைக் கேட்டார். வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினேன். கோயில் வீதி முடக்கில் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்தது. அங்கிருந்து வீட்டுக்கு முந்நூறு யார் இருக்கும். அவ்வளவு தூரமும் ஒரு கால் வெறுங்காலாகச் சுடுமணலிலும் கிறவல் ரோட்டிலும் நடந்து வந்திருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை. "வயசு போனா மறதிதானே" என்று அவரே சொன்னார், நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அவருக்குச் சீனி வருத்தம் வந்து அப்போது பன்னிரண்டு வருடம். அது மறதியல்ல, கால் உணர்விழந்ததன் அடையாளம் என்று எங்களுக்கு விளங்கியபோது இன்னொரு வருடம் கழிந்திருந்தது. அவருடைய வலக்காற் பெருவிரலும் போயிருந்தது.

நீரிழிவு வந்த எல்லோருக்கும் கால் போவதில்லை. ஒரே ஊரில், ஒரே கிளினிக்கில், ஒரே குளிசையை எடுக்கும் இருவரில் ஒருவர் எண்பது வயதிலும் வயல் வரம்பில் நடக்கிறார். மற்றவருக்கு ஐம்பத்தைந்தில் முழங்காலுக்குக் கீழே கழற்றிவிடுகிறார்கள். 'கால் கழற்றுதல்' என்பதுதான் இங்கே எல்லோரும் சொல்லும் சொல். இந்த இருவருக்கும் நடுவே உள்ள வேறுபாடு எதனால் வருகிறது? உலகில் நடந்த ஆய்வுகள் இதற்குத் தந்திருக்கும் விடைகளை வாவிக்கரை வாழ்க்கையோடு வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. முடிவை முன்பே சொல்லிவிடுகிறேன்: கால் ஒரே நாளில் போவதில்லை. உணர்விழந்த தோல், இறுகிய மூட்டு, குறைந்த இரத்த ஓட்டம், காலைக் காயப்படுத்தும் தரை, பிந்திப்போகும் நாட்கள் என்று கண்ணி கண்ணியாக ஒரு சங்கிலி சேர்கிறது. ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரியக்கூடியது. ஒன்றை அறுத்தாலே பல கால்கள் தப்பும்.

கணக்கில் விடுபட்ட கரை

இலங்கையின் நீரிழிவைப் பற்றி நாடளாவிய அளவில் நடந்த முதற்பெரும் ஆய்வு 2005க்கும் 2006க்கும் இடையில் நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது, நகர்ப்புறத்தில் 16.4 வீதம், கிராமப்புறத்தில் 8.7 வீதம். நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. அந்தக் கணக்கில் வடக்கும் கிழக்கும் இல்லை. யுத்தம் காரணமாக ஒன்பது மாகாணங்களில் ஏழில் மட்டுமே அது நடந்தது. இந்தக் கரையின் மக்கள் தங்கள் நோயின் அளவை நீண்டகாலம் பிற மாகாணத்து எண்களை வைத்தே ஊகிக்க வேண்டியிருந்தது.

2018–2019இல் நடந்த இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வு வளர்ந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவும், மேலும் 30.5 வீதமானோருக்கு நீரிழிவுக்கு முந்திய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இரு ஆய்வுகளின் முறைகளும் வேறு என்பதால் இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது. இருந்தாலும் திசை தெளிவு. ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவர் என்பது இனி ஒரு வீட்டின் செய்தி அல்ல, ஓர் ஒழுங்கையின் செய்தி.

நீரிழிவுள்ள ஒருவருக்கு வாழ்நாளில் பாதப்புண் வரும் வாய்ப்பு 19 முதல் 34 வீதம் வரை என்று உலக மதிப்பீடுகள் சொல்கின்றன. நீரிழிவால் கழற்றப்படும் கால்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில் முதலில் ஒரு புண்ணாகத்தான் தொடங்கியிருக்கின்றன. அந்தப் புண் எப்படி வருகிறது என்பதை அமெரிக்காவின் சியாட்டிலிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் நோயாளர்களை வைத்து ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். புண் வந்தவர்களில் 63 வீதமானோரிடம் மூன்று காரணங்கள் ஒன்றாக இருந்தன: உணர்விழப்பு, பாத அமைப்பின் கோணல், ஒரு சிறு காயம். பெரிய விபத்து எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சிறு கல், ஒரு இறுக்கமான வார், ஒரு நகவெட்டி போதுமாக இருந்தது.

நோவை இழந்த பாதம்

இரத்தத்தில் சீனி பல வருடம் கூடியிருந்தால் நரம்புகள் பழுதடைகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் கெடுகின்றன. அதனால் தொடக்கம் எப்போதும் கால்விரல் நுனி. அங்கிருந்து மேலேறி, காலுறை போட்ட அளவுக்குப் பரவுகிறது. சிலருக்கு இரவில் எரிவு, ஊசி குத்துவது, விறைப்பு, பஞ்சில் மிதிப்பது போன்ற உணர்வு என்று கால் முன்கூட்டியே சொல்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது எதையும் சொல்வதில்லை. எரிவு உள்ளவர் வைத்தியரிடம் போய்விடுகிறார்; எதுவும் தோன்றாதவர் தன் கால் சுகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். ஆபத்து இந்த இரண்டாமவருக்கே கூட.

நரம்பு கெடுவது உணர்வை மட்டும் எடுப்பதில்லை. பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்பு தளர்ந்தால் விரல்கள் நண்டுக்கால் போல வளைந்து நிற்கும். வளைந்த மூட்டின் மேல் செருப்பு வார் உரசும். வியர்வையை நடத்தும் நரம்பு கெட்டால் தோல் காய்ந்து பித்தவெடிப்பு விழும். வெடிப்பு கிருமிக்குக் கதவு. வயது, நோயின் காலம், கட்டுப்படாத சீனி, மது ஆகியவை இந்தப் பழுதைக் கூட்டும். பலரும் வருடக்கணக்கில் எடுக்கும் மெட்ஃபோமின் குளிசை சிலருக்கு விட்டமின் பி12 அளவைக் குறைக்கும். அதுவும் நரம்பை வாட்டும். மருந்தை நிறுத்தத் தேவையில்லை. விறைப்பு உள்ளவர் பி12ஐயும் சோதிக்கும்படி கேட்கலாம்.

வலியின் அருமையை இந்த வாவி வேறொரு நோயின் வழியாக முன்பே அறிந்திருக்கிறது. வாவிக்குள் உள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கான வைத்தியசாலை நீண்டகாலம் இயங்கியது. கரையில் இருந்தவர்கள் அங்கே விரல்கள் 'அழுகி விழுகின்றன' என்று பேசிக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முதன்மையானவர் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். தொழுநோய் தசையை அழுகவைப்பதில்லை, உணர்வைத்தான் எடுக்கிறது, உணர்வற்ற காலை நோயாளி அறியாமலே மிதித்தும் சுட்டும் அழிக்கிறார் என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் வைத்தியசாலையில் பணியாற்றியபோது, நீரிழிவாளரின் காலிலும் இதே கதையைக் கண்டார். வேலூரில் தொழுநோயாளரிடம் கற்ற பாடம் உலகம் முழுவதும் நீரிழிவுப் பாதச் சிகிச்சையின் அத்திவாரமானது இப்படித்தான்.

உணர்வு இருக்கிறதா என்று அறிய கிளினிக்கில் நைலோன் இழை ஒன்றைப் பயன்படுத்துவார்கள். அது வளையும் அளவுக்கு அழுத்தினால் பத்துக் கிராம் பாரம் விழும். இழை இல்லாத வீட்டிலும் சோதிக்க ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியசாலையில் உருவானது அது. பெரியம்மாவின் விரல் போனபிறகு எங்கள் வீட்டில் அதைச் செய்தோம். அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொன்னோம். தங்கையின் மகள் தன் சுட்டுவிரல் நுனியால் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் என்று இரண்டு காலிலும் தொட்டாள். அழுத்தாமல், தட்டாமல், ஒன்றிரண்டு விநாடி மட்டும் வைத்து எடுக்க வேண்டும். தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டு இடம் தெரியாமல் போனாலே கால் உணர்விழக்கிறது என்று கொள்ளலாம். வலக்காலில் விரல் போன இடத்தை விட்டு மிகுதி ஐந்தைத் தொட்டாள். பெரியம்மா ஒரு தரம் மட்டும் "இடது" என்றார். மற்ற நேரமெல்லாம், "இன்னும் தொடல்லயா பிள்ள?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவை செய்திருந்தால் அந்தச் செருப்புக்கு அன்றே அர்த்தம் தெரிந்திருக்கும்.

இறுகும் மூட்டு

பாதத்தைப் பற்றிய பேச்சில் மூட்டு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பாணைச் சுடும்போது மேற்புறம் சிவந்து இறுகுவது மாவிலுள்ள புரதமும் சீனியும் வெப்பத்தில் பிணைவதால். அதுபோன்ற ஒரு பிணைப்பு, பல வருடம் சீனி கூடிய உடம்பில் மெதுவாக நடக்கிறது. தோலிலும் தசைநாரிலும் மூட்டுறையிலும் உள்ள புரத இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கின்றன. 1974இல் அமெரிக்காவில் நீரிழிவுள்ள இளவயதினரிடம் இதைக் கவனித்து எழுதினார்கள். கைகூப்பும்போது இரு உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் நடுவே இடைவெளி விழுந்தால் மூட்டுகள் இறுகத் தொடங்கிவிட்டன. கோயிலில் நின்று கும்பிடுகிறபோதே ஒருவர் தன்னைச் சோதித்துக்கொள்ளலாம். பள்ளிவாசலில் சுஜூது செய்கிறவர் கால்விரல்களை மடித்துத் தரையில் ஊன்றுகிறார். பெருவிரல் மடிய மறுக்கிறது என்றால் அதுவும் அதே செய்திதான்.

கை இறுகுவது தொல்லை. கால் இறுகுவது ஆபத்து. நடக்கும்போது கணுக்காலும் பெருவிரலின் அடிமூட்டும் மடிந்து உடம்பின் பாரத்தைப் பாதம் முழுவதும் பகிர்கின்றன. அவை மடியாவிட்டால் பாரமெல்லாம் முன்பாதத்தின் ஒரே இடத்தில் விழும். அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு வரும், ஆணி வரும். உணர்வற்ற காலில் காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கல்லைப் போன்றது. அதன் அடியில் சதை நசிந்து இரத்தம் கட்டி, வெளியே தெரியாமல் புண் வளரும். சென்னையில் விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, மூட்டு இறுக்கமும் உள்ளங்காலில் கூடும் அழுத்தமும் பாதப்புண்ணோடு தொடர்புடையவை என்று நம்மைப் போன்ற தெற்காசிய மக்களிடத்திலேயே காட்டியது. ஆகவே காய்ப்பைக் கண்டால் அழகுக் குறை என்று விடக்கூடாது. வீட்டில் பிளேட்டால் சீவவும் கூடாது.

மூட்டுக் கோளாறுகளில் மிகக் கொடியது பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோவின் பெயரால் வழங்குகிறது. 1868இல் அவர் வேறொரு நரம்பு நோயில் இதை விவரித்தார். 1936இல் இது நீரிழிவிலும் வருவதாக ஜோர்டான் எழுதினார். உணர்விழந்த பாதத்தில் ஒரு சின்னப் புரளல், ஒரு சிறு முறிவு. நோ இல்லாததால் நோயாளி தொடர்ந்து நடக்கிறார். உள்ளே அழற்சி மூண்டு என்பு இளகுகிறது, நடக்க நடக்க மூட்டுகள் சிதறுகின்றன. கடைசியில் உள்ளங்கால் வளைவு இடிந்து, தோணியின் அடிப்பக்கம் போலக் கீழே புடைத்துவிடும். தொடக்கத்தில் தெரிவதெல்லாம் வீங்கிய, சிவந்த, மற்றக் காலைவிடச் சூடான ஒரு பாதம். எக்ஸ்ரே எடுத்தாலும் முதல் வாரங்களில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனால் சுளுக்கு, வாதம், கிருமி என்று பல பெயரில் அது தவறாகப் போகிறது.

இந்தக் கரையில் கால் வீங்கினால் பலர் முதலில் போவது ஒடிவு முறிவு வைத்தியரிடம். அவர்களிடம் தலைமுறை அனுபவம் உண்டு. ஆனால் ஷார்கோ பாதத்தை உருவி எண்ணெய் போட்டு நடக்கவிட்டால் சிதைவு விரைவாகும். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நோகாத வீக்கத்தோடு வருகிறவரிடம், "சீனி இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். இருக்கிறது என்றால் காலை ஊன்றவிடாமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். அந்தக் கேள்வி ஒரு காலைக் காப்பாற்றும்.

தோள்மூட்டு இறுகிக் கையை உயர்த்த முடியாமற் போவதும், விரல் மடிந்து நிமிர மறுப்பதும் நீரிழிவாளருக்குப் பல மடங்கு கூடுதலாக வருகின்றன. இவை காலை எடுப்பதில்லை. ஆனால் தலைவாரவும் ஊசி போடவும் குனிந்து தன் பாதத்தைத் துடைக்கவும் முடியாமல் செய்கின்றன. உடற்பருமனால் முழங்கால் தேய்ந்தவர் நடையைக் குறைக்கிறார். நடை குறைய சீனி ஏறுகிறது. மூட்டு நோவுக்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசியும் சில நாட்களுக்குச் சீனியைக் கூட்டும். மூட்டும் சீனியும் இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகின்றன.

இரத்தமும் சிறுநீரகமும் கண்ணும்

புண் வருவதற்கு உணர்விழப்பு முதற்காரணம் என்றால், வந்த புண் ஆறாமல் போவதற்கு இரத்த ஓட்டக்குறைவு முதற்காரணம். காலுக்கு வரும் நாடிகளில் கொழுப்புப் படிந்து அடைத்தால் மருந்தும் போய்ச் சேராது. கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுவது இதன் வழக்கமான அறிகுறி. உணர்விழந்தவருக்கு அதுவும் தெரியாமல் போகலாம். புகைத்தல் இந்த அடைப்பை எல்லாவற்றையும்விட விரைவாக்குகிறது. இரத்த அழுத்தமும் கொழுப்பும் துணைக்காரணங்கள்.

சிறுநீரகம் பழுதடைந்தவரின், குறிப்பாக இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவரின் கால் மிக உயர்ந்த ஆபத்தில் இருக்கிறது. கண்பார்வை குறைந்தவர் தன் காலைத் தானே பார்க்க முடியாது. தனித்து வாழ்பவருக்குப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. எல்லாவற்றிலும் பெரிய முன்னறிவிப்பு, ஏற்கெனவே ஒரு தடவை புண் வந்து ஆறியிருப்பது. ஆறிய புண்களில் 40 வீதமளவு ஒரு வருடத்துக்குள்ளும், 65 வீதமளவு ஐந்து வருடத்துக்குள்ளும் திரும்ப வருகின்றன. 'புண் மாறிவிட்டது' என்பதை விடுதலையாக எண்ணாமல், கவனம் இரட்டிக்க வேண்டிய காலமாக எண்ண வேண்டும்.

வாவியும் வயலும் கோயில் வீதியும்

இதுவரை சொன்னவை எந்த நாட்டுக்கும் பொருந்தும். இனிச் சொல்வது இந்தக் கரைக்கு உரியது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் மீனும் வியாபாரமும், படுவான்கரையில் நெல்லும் மாடும். இரண்டு கரையிலும் வேலை என்றால் பெரும்பாலும் வெறுங்கால்.

வாவிக்குள் இறங்கி இறால் பிடிப்பவர் சேற்றுக்குள் கால் புதைய நடக்கிறார். அடியில் ஊரியும் மட்டியோடும் உடைந்த போத்தலும் கிடக்கின்றன. உணர்வுள்ள கால் முள் பட்டதும் பின்வாங்கும். உணர்விழந்த கால் அதே பாரத்தோடு அழுத்தி ஊன்றும். வீட்டுக்கு வந்து பாயில் இரத்தக்கறையைக் கண்டபிறகுதான் தெரியும். வயலில் பெரும்போக மாரியில் மணிக்கணக்கில் நனைந்த கால்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். எல்லோருக்கும் அது ஒரு கடி, ஓர் எரிச்சல். நீரிழிவாளருக்கு அது கிருமி உள்ளே போகும் வாசல். 2011 ஜனவரி வெள்ளத்தைப் போல ஊரே தண்ணீரில் நிற்கும் நாட்களில் வயலுக்குப் போகாதவருக்கும் இந்த ஆபத்துத்தான்.

வீட்டிலும் வாசலிலும் செருப்பைக் கழற்றுவது நம் பண்பு. கோயில் வீதியில் நண்பகல் வெயிலில் மணல் கொதிக்கும். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தையையும் குமணைக் காட்டையும் யாலையையும் கடந்து நாட்கணக்காக நடக்கிறார்கள். நேர்த்தி வைத்தவர்களில் பலர் வெறுங்காலோடு. அம்மன் கோயில்களில் தீமிதிப்பும் உண்டு. நம்பிக்கையை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் உணர்வுள்ள கால் சூட்டை அறிந்து விரைந்து கடக்கும். உணர்விழந்த காலுக்கு அந்தக் காவல் இல்லை. அப்படிப்பட்டவர் தீமிதிப்பை விட்டு வேறு நேர்த்தி வைக்கலாம். யாத்திரையில் தடித்த அடியுள்ள செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் தங்குமிடத்தில் மற்றொருவரைக் கொண்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லலாம். இதைத் தாதி சொல்வதைவிடக் கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் சொன்னால் கேட்பார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வுழூச் செய்கிறவர் நாளில் ஐந்து தடவை காலைக் கழுவுகிறார். விரலிடுக்கைத் துடைத்து உலர்த்தி, ஒரு தடவை பார்க்கவும் செய்தால் உலகில் எந்தக் கிளினிக்கும் கொடுக்க முடியாத பரிசோதனை அது. மௌலவி ஒருவர் ஜும்ஆவில் இதைச் சொல்லலாம்.

சூடு இன்னும் சில வழியில் வருகிறது. விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது, மோட்டார் சைக்கிள் சைலன்சரில் கால் பட்டுச் சுடுவது, அடுப்பங்கரையில் தணலை மிதிப்பது. வெந்நீரைக் காலால் சோதிக்கவே கூடாது. முழங்கையால் அல்லது வீட்டில் வேறொருவரின் கையால் சோதிக்க வேண்டும்.

மண்ணில் உள்ள கிருமி

இந்தக் கரையில் நீரிழிவையும் மண்ணையும் மூட்டையும் ஒரே முடிச்சில் போடும் நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் மெலியொய்டோசிஸ். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்டீரியா, காலிலுள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உடம்புக்குள் போகிறது. இலங்கையில் முதலாவது நோயாளி 1927இலேயே பதிவானார். பிறகு நெடுங்காலம் அரிய நோய் என்றே எண்ணியிருந்தார்கள். ஆய்வுகூட வசதி வளர்ந்து, தேடிப் பார்க்கத் தொடங்கிய பிறகு நாட்டின் பல பகுதிகளிலும் அது நிலைகொண்டிருப்பது தெரிந்தது. மட்டக்களப்பு மாவட்டமும் அவற்றில் ஒன்று. மாரி மழைக்குப் பிறகு நோயாளர் கூடுகிறார்கள்.

இந்த நோய்க்கு மிகப் பெரிய ஆபத்துக் காரணி நீரிழிவு. மற்றவரைவிட நீரிழிவாளருக்கு இது வரும் வாய்ப்பு சுமார் பன்னிரண்டு மடங்கு என்று மதிப்பிடப்படுகிறது. நுரையீரலில், ஈரலில், மண்ணீரலில் சீழ்க்கட்டி வைக்கும். முழங்கால் போன்ற பெரிய மூட்டில் சீழ் கட்டி, வாதம் போல ஏமாற்றும். வழக்கமாகக் கொடுக்கும் பல அன்டிபயோட்டிக்குகளுக்கு இது அடங்காது. ஊசி மருந்து கிழமைக்கணக்கிலும் அதன்பின் குளிசை மாதக்கணக்கிலும் தேவை. வயலில் வேலைசெய்யும் நீரிழிவாளர் ஒருவருக்கு மாரிகாலத்தில் காய்ச்சலோடு முழங்கால் வீங்கினால், அது வெறும் மூட்டு நோவு என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. வைத்தியரிடம் தன் தொழிலையும் சொல்ல வேண்டும். "வயலுக்குள்ள நிக்கிறனான்" என்ற ஒரு வசனம், எந்தக் கிருமியைத் தேடுவது என்பதை மாற்றிவிடும்.

பிந்திவிடும் நாட்கள்

நோ இல்லாத புண் அவசரமாகத் தெரிவதில்லை. முதல் கிழமை மஞ்சள் பூசுகிறோம். இரண்டாம் கிழமை ஃபாமசியில் இரண்டு கெப்சூல் வாங்குகிறோம். மூன்றாம் கிழமை மணம் வரும்போதுதான் ஆஸ்பத்திரி நினைவு வருகிறது. மண்டூர்ப் பக்கமிருந்து குருமண்வெளிக்குப் 'பாதை' என்று இங்கே சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து, மருந்து கட்டிக்கொண்டு திரும்புவதற்குள் ஒரு நாட்கூலி போய்விடும். ஒன்றுவிட்ட ஒருநாள் மருந்து கட்ட வா என்றால், குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண் எப்படிப் போவாள்? இலவச மருத்துவம் உள்ள நாட்டிலும் வறுமை ஓர் ஆபத்துக் காரணிதான். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தபோது அது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது.

யுத்த காலத்தில் இந்தக் கரையில் கால் இழந்தவர் என்றால் கண்ணிவெடியும் ஷெல்லும் நினைவுக்கு வரும். அந்த இழப்புக்கு ஒரு சத்தம் இருந்தது. சீனியால் போகும் காலுக்குச் சத்தமில்லை. அதனால்தான் ஊர் அதைப் பேசுவதில்லை, விதி என்று விட்டுவிடுகிறது.

எதைச் செய்தால் பலன்

சீனியைக் கட்டுப்படுத்தினால் கால் தப்புமா? 1993இல் முடிவு வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, முதலாம் வகை நீரிழிவில் கண்டிப்பான கட்டுப்பாடு நரம்புப் பழுதை 60 வீதமளவு குறைப்பதாகக் காட்டியது. நம்மிடையே பரந்துள்ள இரண்டாம் வகையில் பலன் உண்டு என்றாலும் அவ்வளவு பெரிதில்லை. கெட்டுப்போன நரம்பை அது மீட்டுத் தருவதுமில்லை. ஆகவே சீனி எண்ணைக் குறைத்தால் போதும் என்றிருப்பது பாதி வைத்தியம். உணர்வு போன காலுக்கு, உணர்வின் இடத்தைக் கண்ணால் நிரப்ப வேண்டும்.

உலக வழிகாட்டிகள் கால்களை நான்கு தரமாகப் பிரிக்கின்றன. உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை கால் பரிசோதனை. இரண்டில் ஒன்று கெட்டிருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில். இரண்டும் கெட்டிருந்தாலோ, ஒன்றோடு பாதக் கோணலும் சேர்ந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்தில். உணர்வு அல்லது இரத்த ஓட்டம் கெட்ட காலில் முன்பு புண் வந்திருந்தாலோ, விரலோ காலோ கழற்றியிருந்தாலோ, சிறுநீரகம் செயலிழந்திருந்தாலோ ஒன்று முதல் மூன்று மாதத்தில். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கிளினிக் கொப்பியில் காலுக்கென்று ஒரு பக்கமும், தாதி ஒருவருக்கு ஐந்து நிமிடமும் போதும்.

வந்த புண்ணை ஆற்ற மிகச் சிறந்த வழி அதன்மேல் பாரம் விழாமல் தடுப்பது. அதற்கு உலகம் இன்று பயன்படுத்தும் முழுத்தொடு பிளாஸ்டர் கட்டின் வேர் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1930களில் தொழுநோயாளரின் பாதப்புண்ணுக்கு நடக்கக்கூடிய பிளாஸ்டர் கட்டைப் பயன்படுத்தியவர்களில் இலங்கையின் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போலும், இந்தியாவின் ஜோசப் கானும் முன்னோடிகள். போல் பிராண்ட் வழியாக அது அமெரிக்காவுக்குப் போய், உலகச் சிகிச்சையாயிற்று. உணர்விழந்த காலுக்கான மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பும் தமிழ்நாட்டுத் தொழுநோய்ப் பணியில் வளர்ந்ததுதான். நம் மண்ணில் பிறந்த வைத்தியம் நம் கிராமத்து வைத்தியசாலை வரை வந்து சேர வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல.

வீட்டுக்கு நான் சொல்ல விரும்புவது சுருக்கம். இரவில் படுக்குமுன் இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளை பார்க்கட்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். பின்வார் உள்ள செருப்பை வாங்குங்கள், கழன்று விழாது. வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் பூசக்கூடாது. புண்ணோ, சிவப்போ, ஒரு காலில் மட்டும் சூடோ கண்டால் அன்றைக்கே போங்கள்.

கிளினிக்குக்குப் போனால் நாங்கள் கையை நீட்டுகிறோம். இரத்தம் எடுக்கிறார்கள், அழுத்தம் பார்க்கிறார்கள், கொப்பியில் எழுதுகிறார்கள். கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் வீட்டு வாசலிலும் கேட்காமலே செருப்பைக் கழற்றும் நாங்கள், வைத்தியரின் முன்னால் மட்டும் அதைக் கழற்றுவதில்லை, அவரும் கேட்பதில்லை. பெரியம்மா இப்போது கேட்கக் காத்திருப்பதில்லை. கதிரையில் இருந்ததும் பின்வார்ச் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, "முதல்ல இதப் பாருங்க ஐயா" என்கிறார். ஒன்பது விரல்களும் இன்னும் இருக்கின்றன.